பாட்டும் பற்றறியும்

நாம் இதனை எழுதிக்கொண்டிருக்கும் மேசையின் மீது சீட்டுக்கட்டளவில் ஓர் உலோகப் பெட்டி கிடக்கிறது. கனடாவில் வாழும் எமது மாமா பல ஆண்டுகள் தாம் பாவித்தபின் நெளுக்குளத்துக்கு அனுப்பிவைத்த பாட்டுப் பெட்டி அது. 160 கிகாபைற் கொள்ளளவுடையது. 40,000 பாடல்கள் வரை அதனுள் அடங்கும் என்பது செய்தவர்களின் கணக்கு. பாட்டொன்றுக்கு நான்கு நிமிடம் என்று வைத்துக்கொண்டால் 1,60,000 நிமிடங்கள். இரவு பகல் பாராது கேட்டாலும் கேட்டு முடிக்க 111 நாட்கள் செல்லும். இக்கணக்கைச் செவிமடுத்த அயல்வீட்டுக் கமக்காரர், "அதுக்குள்ள மூண்டரை மாத நெல்லு விளைஞ்சு வீட்டை வந்திடும், சேர்" என்றார். மாமா நிரப்பி அனுப்பிய பாடல்களும் நாம் சேர்த்தவையுமாக இன்று அதில் 11,000க்கு மேற்பட்ட பாடல்கள் உள்ளன. மாலையில் வீட்டு விறாந்தையில் அமர்ந்து அவற்றைக் கேட்பது எமக்குப் பெருமகிழ்ச்சி என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். யந்திரத்தைப் பழிப்பது எமது நோக்கமன்று.

இத்தகைய பெட்டிகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கொள்ளளவின் வளர்ச்சியையே அவற்றின் சரித்திரமாகச் சொல்வர். இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம். ஒலிநாடாவில் ஒன்றரை மணித்தியாலம். இன்றோ 111 நாட்கள். இது பொய்யான சரித்திரமன்று. ஆனால் அரைச் சரித்திரம். வன்னி மண்ணில் வளர்ந்தோர்க்கு இதனைக் கேட்கும்போதே வேறு இரண்டு வினாக்கள் எழுகின்றன. பாட்டை ஓடச் செய்யும் சக்தி யார் கையில் இருந்தது? பெட்டிக்குப் பாட வாய் இருந்தது போலக் கேட்கக் காதும் இருந்ததா?

இரண்டாவது வினாவைச் சற்று விளக்குதல் நன்று. 1877ஆம் ஆண்டில் எடிசன் அமைத்த ஒலிப்பதிவுக் கருவிக்கு வாயும் காதும் ஒன்றாகவே இருந்தன. அதனை வைத்திருந்தவர் அதன் குழலினுள்ளே பேசலாம். பேசியதை அதிலேயே திரும்பக் கேட்கலாம். பத்தாண்டுகளின் பின் பேர்லினர் வட்டத் தட்டைக் கண்டுபிடித்தார். தட்டை ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்கலாம். வாங்கியவர் அதில் எதையும் பதிய இயலாது. பாட்டு ஒரு சரக்காயிற்று, வீட்டிலிருந்தவர் வாடிக்கையாளரானார். 1902இல் கெய்ஸ்பேர்க் என்னும் ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் என்ற பாடகியின் குரலைப் பதிந்து சென்றார். பாடி முடித்ததும் அப்பாடகி தம் பெயரைத் தாமே உரக்கச் சொல்வார். பாடியவர் இன்னார் என்று மேலைநாட்டு அச்சுத் தொழிலாளர் அறிந்து முத்திரைத் தாளில் குறிப்பதற்காகவே அவ்வாறு சொல்லச் செய்தனர் என்பர். 1908இல் கல்கத்தாவிலேயே இசைத்தட்டு அச்சிடும் ஆலை எழுந்தது. தட்டுக்கு வேண்டிய அரக்கோ சோட்டா நாகபுரிக் காடுகளில் ஆதிவாசி மக்கள் மரக்கிளைகளிலிருந்து சுரண்டியெடுத்தது. உலகமெங்கும் சுழன்ற தட்டுகளில் அம்மக்களின் விரலழுத்தம் இருந்தது. அவர்களுடைய பாட்டு இருந்ததா என்பது வேறு விடயம்.

கையிலெடுத்துச் செல்லும் பாட்டுப் பெட்டி பெருவாரியாகப் பரவியதும் ஒரு போர்க்களத்தில்தான் என்பதை மாணவ நண்பர்கள் மனங்கொள்ள வேண்டும். 1914இல் டெக்கா என்னும் பெயருடன் லண்டனில் விற்பனைக்கு வந்த, பெட்டியாய் மடித்துத் தூக்கக்கூடிய கிராமபோனை முதலாம் உலகப் போரின் பதுங்குகுழிகளுக்குள் போர்வீரர் எடுத்துச் சென்றனர். அதற்குப் பற்றறி வேண்டியதில்லை. கைப்பிடியைச் சுற்றி வில்லை முறுக்கினாற் போதும். மனிதக் கையின் சக்தியே பாட்டின் சக்தி. இச்செய்தியைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வோம்.

இலங்கையில் சாதாரண மக்களுக்குப் பாட்டைக் கொண்டு வந்தது கிராமபோன் அன்று, வானொலியே. கொழும்பு வானொலி 1925 டிசெம்பர் 16ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தின் தேவைக்காக நிறுவப்பட்ட வலிமை மிக்க ஒலிபரப்பு நிலையம் 1949இல் இலங்கைக்குக் கையளிக்கப்பட்டது. 1952இன் பின் இந்திய வானொலி திரைப்படப் பாடல்களை ஒதுக்கியபோது, கடலுக்கு அப்பாலிருந்த தமிழரும் கொழும்பையே நாடிக் கேட்டனர். ஆயினும் அந்நாளைய வானொலிப் பெட்டி ஒரு தளபாடம். தேநீர்க் கடையிலோ, பணம் படைத்தவர் வீட்டுக் கூடத்திலோ அசையாது வீற்றிருந்தது. கேட்க விரும்பியவர் அங்கே செல்ல வேண்டும். சாதியும் வர்க்கமும் வாசலில் நின்று எவர் விறாந்தை வரை வரலாம், எவர் முற்றத்தோடு நிற்கவேண்டும் என்று வரையறுத்த காலம் அது.

அவ்வாசலை முதலில் அசைத்தது திரான்சிஸ்ரர். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தோன்றிய இச்சிறு பொருள் 1954இல் கைக்கடக்கமான வானொலியாகச் சந்தைக்கு வந்தது. சில ரோச் பற்றறிகள் இருந்தால் வரம்பிலும் பாட்டு, மாட்டுவண்டியிலும் பாட்டு. மின்கம்பம் வராத ஊருக்கும் உலகம் வந்து சேர்ந்தது. அடுத்த அடியை பிலிப்ஸ் கம்பனி 1963இல் பேர்லின் கண்காட்சியில் வைத்தது: உள்ளங்கையிலடங்கும் ஒலிநாடாப் பேழை. நாம் கசெற் என்று வழங்குவது இதனையே.

கசெற்றை இன்றைய இளைஞர் பழைய குப்பையாகக் கருதலாம். எம்மைப் பொறுத்தவரை, பாட்டுப் பெட்டியின் சரித்திரத்தில் மிகுந்த ஜனநாயகத் தன்மை வாய்ந்த கட்டம் அதுவே. பெட்டியின் முகப்பில் ஓடவிடும் பொத்தானுக்கு அருகே பதிவுக்குரிய சிவப்புப் பொத்தான் ஒன்றும் இருந்தது. இரண்டையும் சேர்த்து அழுத்தினால் யந்திரத்துக்குக் காது திறந்துவிடும். எடிசனின் கருவி இழந்த காதைக் கசெற் மீட்டுத் தந்தது. 1978, 1979இல் ஈரானில் மன்னராட்சிக்கு எதிரான உரைகள் கசெற்றுகளிலேயே ஊரூராகப் பரவின. இந்தியாவில் எச்.எம்.வி. முத்திரையின் நெடுங்கால ஏகபோகம் 1980களில் மலிவுக் கசெற் கம்பனிகளால் உடைந்தது. அதுவரை எந்த ஒலிப்பதிவுக் கூடமும் ஏறெடுத்துப் பாராத வட்டார மொழிப் பாடல்களும் நாட்டார் பாடல்களும் கடைத்தெருவுக்கு வந்தன. எமது வடபுலத்துச் சந்திகளிலோ "றெக்கோடிங் பார்" எனும் புதுமையான ஸ்தாபனம் முளைத்தது. பாடல்களின் பெயரை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, வெறுங் கசெற்றையும் ஒப்படைத்தால், சில நாட்களில் எமது விருப்பப்படி தொகுத்த நாடா கைக்கு வரும். தாள் மடிப்பில் அழகிய கையெழுத்தில் பாடல் வரிசை. ஒருவர் மற்றொருவருக்குத் தம் அன்பைத் தெரிவிக்கவும் அக்காலத்தில் இதுவொரு வழியாயிருந்தது. எமது மூத்த ஆசிரியர்கள் சிலர் இவ்விடத்தில் புன்னகை செய்வர்.

இனி ஒரு நுட்பமான திருப்பத்தைக் கவனிப்போம். 1979 ஜூலை முதலாம் நாள் யப்பானில் சோனி கம்பனி வோக்மன் என்ற பெட்டியை விற்பனைக்கு விட்டது. அது புத்தம் புதிய கண்டுபிடிப்பன்று. பத்திரிகை நிருபர்கள் பேட்டி காண்பதற்கென அதே கம்பனி விற்றுவந்த சிறு பதிவுக் கருவியை எடுத்து, பதியும் பாகத்தைக் கழற்றிவிட்டு, காதில் மாட்டும் ஒலிப்பானைச் சேர்த்தனர், அதுதான் வோக்மன். பதிவு செய்யாத கருவியை யார் வாங்குவார் என்று கம்பனிக்குள்ளேயே ஐயம் இருந்ததாம். ஐயம் பொய்யாயிற்று. முதல் மாதிரியில் இருவர் ஒருசேரக் கேட்கும்படி இரண்டு துளைகள் இருந்தன. கேட்டபடியே ஒருவரோடொருவர் பேச ஒரு பொத்தானும் இருந்தது. பின்வந்த மாதிரிகளில் முதலில் பேசும் பொத்தானும் காலப்போக்கில் இரண்டாவது துளையும் மறைந்தன. காது கழற்றப்பட்டது, அயலவனும் கழற்றப்பட்டான். தனியுடைமையின் முழுமையான சங்கீதம் பிறந்தது. இது எவரோ தீட்டிய சதி என்று நாம் கூறவில்லை. சந்தை தனக்கு உகந்த மனிதனைத் தானே செதுக்கிக்கொள்ளும் முறை அது.

உலகம் காதுக்குள் பாட்டைச் செருகிக்கொண்டு நடந்த அதே ஆண்டுகளில் வன்னியில் நடந்ததோ முற்றிலும் வேறு.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டதைத் தொடர்ந்து வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. எரிபொருள், சீமெந்து, பசளை என நீண்ட பட்டியலில் பற்றறியும் ஒன்று. படைத் தேவைக்குப் பயன்பட்டுவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். இடையில் தடை சிறிது தளர்ந்தது. பின் மீண்டும் இறுகிற்று. வன்னிப் பெருநிலத்தின் பெரும்பகுதி தேசிய மின்வலையிலிருந்தும் துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் மக்கள் பெயர்ந்தனர். அடுத்த ஆண்டில் அவர்களுட் பல்லாயிரவர் கடல்நீரேரி கடந்து வன்னிக்கு வந்தனர். அதே ஆண்டு செப்டெம்பரில் கிளிநொச்சியும் பறிபோனது. எமது குடும்பம் அப்போது மல்லாவிப் பக்கம் ஒரு கொட்டிலில் ஒதுங்கியிருந்தது. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் சில துளி மண்ணெண்ணெயும் இட்டு எரித்த திரி விளக்கில் நாம் அரிச்சுவடி கடந்து வாசிப்புப் புத்தகத்துக்கு வந்தோம்.

பற்றறி இல்லாத ஊரில் வானொலி எவ்வாறு பேசிற்று? விடை ஒவ்வொரு வீட்டுக் கோடியிலும் சாத்தியிருந்தது. சைக்கிள்.

சைக்கிளின் சில்லோடு உராய்ந்து விளக்கை எரிக்கும் டைனமோ 6 வோல்ற்று அழுத்தத்தில் 3 வாற்று மின்சாரம் தரும். நான்கு பற்றறி இடும் வானொலிக்கு வேண்டியதும் அதே 6 வோல்ற்றுத்தான். ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம். வானொலி கேட்பது நேரோட்டம். பழுதான வானொலிகளிலிருந்து கழற்றிய டயோட்டுகள், பாடநூல் இருவாயி என்று குறிக்கிறதே அவை, இவ்விடத்தில் உதவின. அதன்பின்னும் ஒலியில் ஓர் இரைச்சல் எஞ்சும். அதனை அடக்க ஒரு கொள்ளளவி. சைக்கிளைத் தலைகீழாய்க் கவிழ்த்து, இருக்கையும் கைபிடியும் நிலத்திற் பதிய நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றினால் வானொலி பேசத் தொடங்கும். 1831இல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலை நாம் பாடசாலையில் கற்கும் முன்னரே முழங்கை வலியாற் கற்றோம். பின்னாளில் பௌதிக ஆசிரியர் அதனைக் கரும்பலகையில் விளக்கியபோது வகுப்பில் பாதிப்பேர் தோள்களைத் தடவிக்கொண்டனர்.

மாலையானதும் ஊர் கூடும். லண்டனிலிருந்து தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ். செய்தி கேட்கும் அந்த அரைமணிக்குச் சுற்றும் முறை வகுக்கப்பட்டிருந்தது. வளர்ந்தவர் ஒருவர் ஐந்து நிமிடம், அடுத்து இன்னொருவர், சிறுவர் இடையிடையே. சுற்றாமற் கேட்க வந்த ஒருவரை ஊரார் ஒருநாள் நையாண்டி செய்தது நினைவிருக்கிறது: "செய்தி கேக்கிறதெண்டால் கை குடு, இல்லாட்டிச் செய்தியாய்ப் போ." முன்னாளில் வானொலிக் கூடத்தின் வாசலில் சாதி பார்த்து நிறுத்தப்பட்டவரும் நிறுத்தியவரும் இப்போது ஒரே பெடலை முறைவைத்துச் சுற்றினர். இதனைப் பெரிதுபடுத்தி, போர் சாதியை ஒழித்துவிட்டது என்று சொல்வாரும் உளர். நாம் அவ்வளவு தூரம் செல்லமாட்டோம். செய்தி முடிந்து கலைந்தவர்கள் மறுநாள் கிணற்றடியில் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதையும் கண்டவர்கள் நாம்.

இக்காலத்தில்தான், 1990களின் நடுப்பகுதியில், ஆங்கிலேயரான திரெவர் பெய்லிஸ் வடிவமைத்த, வில்லை முறுக்கி இயக்கும் வானொலி தென்னாபிரிக்காவில் உற்பத்தியாகி உலகப் புகழ் பெற்றது. ஆபிரிக்க ஏழை மக்களுக்குப் பற்றறியின்றிச் சுகாதாரச் செய்தி சென்றடைய வேண்டுமென்ற அவரது நோக்கம் உயர்ந்தது. அவர் பெற்ற விருதுகளும் தகும். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் கவிழ்த்து வைத்த சைக்கிள்களுக்குக் காப்புரிமையும் இல்லை, கண்டுபிடித்தவர் பெயரும் இல்லை. தேவை பொதுவானது, விடையும் பொதுவாகவே பிறந்தது.

செய்தி முடிந்தபின் கையில் வலு மிஞ்சியிருந்தால் பாட்டு. கசெற்றை ஓட்டுவது வானொலியைப் பேசவைப்பதிலும் கடினம், மோட்டார் சுழலவேண்டும். சுற்றுபவன் சோர்ந்தால் பாடகர் குரல் இழுபட்டு முனகும். உற்சாகம் கொண்டால் மீண்டும் நிமிரும். ஒரே பாடலைப் பத்து வீட்டில் பத்துவிதமாகக் கேட்டோம். பின்னாளில் அதே பாடல்களைச் சரியான வேகத்தில் கேட்டபோது ஏதோ குறைவது போன்ற உணர்வு எமக்கு உண்டாயிற்று. பாட்டில் பாடகரின் உழைப்பை மட்டுமன்றிக் கேட்பவனின் உழைப்பையும் சேர்த்தே கேட்டுப் பழகிய செவி அது.

ஒரு மாலையை இங்கே குறிப்பிட வேண்டும். எமது அம்மம்மா முள்ளியவளைப் பக்கத்து வயற்காரி. நாற்று நடவிலும் அருவி வெட்டிலும் பாடிப் பழகியவர். வன்னியில் பண்டிப்பள்ளு, குருவிப்பள்ளு என்று வயலோடு பிறந்த பாடல்கள் உண்டு; பயிரை அழிக்கும் காட்டுப் பன்றியும் கதிர் கொத்தும் குருவியும் அவற்றின் பொருள். கமக்காரனின் அச்சமும் எள்ளலும் அவற்றில் ஒருங்கே ஒலிக்கும். வேலை செய்யும் கைகளின் தாளமே அவற்றின் இலக்கணம். மாமா அப்போது இளைஞர். பழைய திரைப்பாட்டுக் கசெற் ஒன்றின் மேல்விளிம்பிலிருந்த துளையைக் கடதாசியால் அடைத்து, சிவப்புப் பொத்தானை அழுத்தி, அம்மம்மாவைப் பாடச் சொன்னார். சுற்றியவர் நாம், வயது எட்டு அல்லது ஒன்பது. முழுக் கவனமும் பாட்டிலிருந்ததால் கை தளர்ந்துவிட்டது. மெதுவாய் ஓடிய நாடாவிற் பதிந்த குரல், பின்பு மாமா வலிமையுடன் சுற்றி ஓடவிட்டபோது கிறீச்சிட்டு விரைந்தது. அம்மம்மா வாயைப் பொத்திச் சிரித்தார்: "உது நானோடா? குருவி கத்திறமாதிரியெல்லே கிடக்கு." எமது குற்றத்தால் குருவியாகிப்போன அக்குரலே அவர் விட்டுச்சென்ற ஒரே பதிவு. 2004இல் அவர் காலமானபின் எமது தாயார் அக்கசெற்றை உடுப்புப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாத்தார்.

மேலைநாட்டில் நடந்தவற்றை இனி விரைந்து சொல்லிவிடலாம். நூல்கள் பல உள. செவி உணராத நுண்ணொலிகளை நீக்கிப் பாட்டைச் சுருக்கும் முறையை ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் நிலையத்தார் வகுத்தனர்; 1995இல் அதற்கு எம்.பி.3 என்ற பெயர் நிலைத்தது. 1998இல் தென்கொரியாவிலிருந்து வெளிவந்த முதற் கைப்பெட்டி 32 மெகாபைற் கொண்டது. ஏறத்தாழ அரைமணிப் பாட்டு. அடுத்த ஆண்டில் கணினியின் வன்தட்டையே உள்ளே வைத்த பெட்டி வந்தது. 1988இல் பெர்ட், குரூன்பேர்க் எனும் இருவர் தனித்தனியே கண்டறிந்த மாபெரும் காந்தத்தடை என்னும் பௌதிக விளைவு, வன்தட்டின் கொள்ளளவைப் பன்மடங்காக்கியது. 2007இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2001 அக்டோபர் 23ஆம் நாள் அப்பிள் கம்பனி, தோஷிபா செய்த 1.8 அங்குல வன்தட்டை உள்ளடக்கிய ஐபொட்டை அறிமுகம் செய்தது: 5 கிகாபைற், சட்டைப்பையில் ஆயிரம் பாடல். 2007இல் அது 160 கிகாபைற்றைத் தொட்டது. 2014இல் அப்பெரிய பெட்டியும், 2022இல் ஐபொட் என்ற குடும்பம் முழுவதுமே சந்தையிலிருந்து விடைபெற்றன. கைப்பேசி அவற்றை விழுங்கிவிட்டது.

ஒன்றை மட்டும் தாண்டிச் செல்ல மனமில்லை. 2006இல் சீனாவின் லொங்குவாவில் ஐபொட் பொருத்தும் ஆலையில் தொழிலாளர் படும் பாட்டை ஒரு பிரித்தானியப் பத்திரிகை வெளியிட்டது. அப்பிள் கம்பனி தானே நடத்திய விசாரணையிலும், வாரத்துக்கு 60 மணித்தியாலம் என்ற வரம்பு மூன்றிலொரு பங்குக்கும் கூடிய வேளைகளில் மீறப்பட்டிருந்தது தெரியவந்தது. எமது மேசைப் பெட்டியின் பின்புறம் கண்ணாடிபோல் மின்னுகிறது, முகம் பார்க்கலாம். டைனமோவைச் சுற்றியபோது பாட்டின் விலையை எமது தோள் உடனுக்குடன் அறிந்தது. இப்பெட்டியில் அவ்விலையை வேறொருவர் தோள் முன்கூட்டியே செலுத்திவிட்டது. கேட்பவன் அறியாதவாறு உழைப்பு மறைந்துகொண்டது.

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்தது. தடை நீங்கிற்று, ஏ9 வீதி திறந்தது, ஓமந்தைச் சோதனைச் சாவடியூடாகப் பற்றறியும் குறுந்தட்டும் வெள்ளமாய் வந்தன. சைக்கிள்கள் மீண்டும் கால்களின் மேல் நின்றன. நான்கு ஆண்டு கழிந்து 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டது. அதன்பின் நடந்தவற்றை வாசகர் அறிவர். 2009இன் முதல் ஐந்து மாதங்களில் வன்னி மக்கள் கிழக்கு நோக்கிப் பெயர்ந்துகொண்டே சென்றனர். ஒவ்வொரு பெயர்வின்போதும் சுமை குறைந்தது. முதலில் தளபாடம், பின்பு சைக்கிள், பின்பு பெட்டி, பின்பு பை. ஒரு கசெற்றில் என்ன பதிந்திருக்கிறதென்பதே ஒருவரை விசாரணைக்கு உட்படுத்தப் போதுமான காலம் அது. ஆகையால் எஞ்சிய நாடாக்களைத் தாமே எரித்தவரும் மண்ணிற் புதைத்தவரும் பலர். நெளுக்குளத்துப் பாடசாலைக் கட்டடங்களிலும் அவ்வாண்டு இடம்பெயர்ந்தோர் தங்கவைக்கப்பட்டனர். எமது தாயார் அவர்களுள் ஒருவர். அவர் கையிலிருந்த பையில் அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், எமது பரீட்சைப் பெறுபேறு. கசெற் எங்கே என்று நாம் கேட்கவில்லை. பல மாதங்களின் பின் அவரே சொன்னார்: "அம்மான்ரை பாட்டை மாத்தளனிலை விட்டிட்டன்."

ஒரு சமுதாயத்தின் எழுத்து அழிந்தால் நூலகம் எரிந்தது என்று உலகம் அறிகிறது, கணக்கும் எடுக்கிறது. பல்லாயிரம் உடுப்புப் பெட்டிகளுள் ஒவ்வொன்றாய்க் கிடந்த ஒலிநாடாக்களுக்கு எவர் கணக்கெடுப்பார்? அவை எந்தப் பட்டியலிலும் ஏறாதவை. தாலாட்டு, ஒப்பாரி, கூத்துக் கொட்டகையில் நின்று பதிந்த கோவலன் கதை, திருமண வீட்டுச் சிரிப்பு, வெளிநாட்டு மகனுக்கு அனுப்புவதற்காகத் தாய் பேசிய கடிதம். எழுத்தறியாப் பெண்கள் எழுதிய நூல்கள் என்று அவற்றைச் சொல்வதில் தவறில்லை.

மாமா அனுப்பிய பெட்டி வந்தபோது முதல் வாரம் முழுவதும் அதனுள்ளே தேடினோம். கர்நாடக சங்கீதம் உண்டு. ஐம்பதாம் ஆண்டுத் திரைப்பாடல் முதல் நேற்றைய பாடல் வரை உண்டு. லத்தீன் அமெரிக்கப் புரட்சிப் பாடல்களும் உண்டு. மாமா நல்ல ரசிகர். வன்னி வயலில் பிறந்த ஒரு பாட்டேனும் இல்லை. அவரைக் குறைகூற இயலாது. எங்கிருந்து எடுத்து இடுவார்? இடமில்லாமல் அது விடுபடவில்லை. இன்னும் 25,000 பாடல்களுக்கு மேல் இடமிருக்கிறது. முன்பு குரல் இருந்தது, நாடா இருந்தது, பற்றறி இல்லை. இன்று சுவரிலெல்லாம் மின்சாரம், பெட்டிக்குள் வயல்வெளி போலக் கொள்ளளவு, பாடியவர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். எமது மேசைப் பெட்டியின் முகப்பில் நாம் தேடிய சிவப்புப் பொத்தானும் இல்லை.

ஆனால் அப்பொத்தான் வேறோர் இடத்தில் திரும்பி வந்துவிட்டது. ஏழை வீட்டிலும் இன்று ஒரு கைப்பேசி உண்டு. அதற்குக் காதும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அக்காதைத் திறந்து பாட்டியிடம் நீட்ட எவரும் நினைப்பதில்லை. சென்ற ஆண்டு எமது பத்தாம் வகுப்பு மாணவரிடம், வீட்டிலோ அயலிலோ எழுபது வயது கடந்த ஒருவரின் பாட்டைப் பதிந்து வருமாறு கூறினோம். பாடசாலைக்குக் கைப்பேசி கொண்டுவரலாகாது என்ற விதி உண்டு. எனவே பதிவுகளை மாலையில் எமது வீட்டுக்குக் கொணருமாறு சொன்னோம். முப்பத்திரண்டு பேரில் பத்தொன்பது பேர் வந்தனர். பன்னிரண்டு பதிவுகள் பழைய திரைப்பாடல்கள்! கேட்டுச் சிரித்தோம், பாட்டி பாடியது பாட்டியின் பாட்டுத்தானே. நான்கு தாலாட்டு. மூன்று நடவுப் பாடல். அவற்றுள் இரண்டை அயற் கிணற்றின் நீரிறைக்கும் யந்திரம் பாதி விழுங்கியிருந்தது.

அருவி வெட்டுப் பாடல் ஒன்றும் வரவில்லை. ஒரு மாணவி, தன் அப்பம்மாவுக்கு அது தெரியுமென்றும் எத்தனை கேட்டும் இரண்டடிக்கு மேல் வருவதில்லையென்றும் சொன்னாள். நாம் அவ்வீட்டுக்குச் சென்றோம். மூதாட்டி திண்ணையில் அமர்ந்து கைப்பேசியை ஐயத்துடன் நோக்கினார். இருபது ஆண்டுகளாக அறுவடை யந்திரமே வயலில் இறங்குகிறது. வெட்டுவோர் வரிசையும் இல்லை, வரிசையிலிருந்து எழும் குரலும் இல்லை. "இருந்துகொண்டு எப்பிடிப் பிள்ளை பாடுறது? கையிலை தாக்கத்தி வேணும்" என்றார். பேத்தி உள்ளே சென்று பரணில் தேடித் துருவேறிய தாக்கத்தி ஒன்றை எடுத்து வந்தாள். கிழவி எழுந்து, இடுப்பில் சேலையைச் செருகி, முற்றத்துப் புல்லின் மேல் குனிந்தார். முதல் வீச்சில் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் வீச்சில் இரண்டு அடி. பிறகு கை நிற்கவில்லை.

ஆறு நிமிடமும் நாற்பது வினாடியும். கணினியின் உதவியால் அதனை மேசைப் பெட்டிக்குள்ளும் ஏற்றினோம். தாக்கத்தி புல்லை அரியும் ஓசை பாட்டோடு சேர்ந்தே பதிந்திருக்கிறது. அவருடைய தங்கை ஒருவர் செட்டிகுளத்தில் இருக்கிறாராம். அவருக்கு இன்னும் நிறையத் தெரியுமாம். காலபோக விதைப்பு முடிந்ததும் அங்கே போவதாகச் சொல்லியிருக்கிறோம்.